ஒன்ராறியோவில் திருத்த வேலைகளுக்கான மேலதிக வாடகை உயர்வு: வரலாறும் குடியிருப்போர் உரிமைகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒருவர் குடியிருக்கும் வீட்டின் வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை மாகாண அரசு விலைவாசியைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. இது வழிகாட்டு வீதம் எனப்படும். 2025ஆம் ஆண்டுக்கு அது 2.5 சதவீதம். ஆனால் கட்டடத்தில் பெரிய திருத்த வேலை செய்த உரிமையாளர், அந்த வீதத்துக்கு மேலும் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. கடமையைச் செய்ததற்குத் தனிக் கட்டணம் எதற்கு என்பது குடியிருப்போரின் கேள்வி. வாடகைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால் பெரிய வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது உரிமையாளரின் கேள்வி. அரை நூற்றாண்டாக ஒன்ராறியோச் சட்டங்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ஊசலாடி வருகின்றன.

இந்த வழி இடையில் திறக்கப்பட்டதன்று. வாடகைக் கட்டுப்பாட்டோடு கூடவே பிறந்தது. 1975 செப்டெம்பர் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி வாடகைக் கட்டுப்பாட்டை முன்வைத்துப் பிரசாரம் செய்தது. பில் டேவிஸ் தலைமையிலான முற்போக்குப் பழமைவாத அரசு பெரும்பான்மையை இழந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவ்வரசே சட்டம் கொண்டுவந்தது. ஆண்டு உயர்வுக்கு 8 சதவீத வரம்பு வைக்கப்பட்டது. செலவு கூடியதைக் காட்டினால் அதற்கு மேலும் பெறலாம். வரம்பு பின்னர் 6 சதவீதமானது.

செலவைக் காட்டி உயர்த்தலாம் என்ற விதி எதுவரை போகும் என்பதை 1982இல் ரொறன்ரோ கண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட தொடர்மாடித் தொகுதி ஒன்று 270 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டு, உடனேயே கைமாறிக் கைமாறி 500 மில்லியன் என்று விலை ஏறியது. அந்தக் கடனுக்கான வட்டியும் வாடகையாகத் தங்கள் தலையில் விழுமோ என்று குடியிருப்போர் அஞ்சினர். மாகாண அரசு தலையிட்டது. அது திருத்த வேலை பற்றிய விவகாரமன்று. ஆனாலும் உரிமையாளர் காட்டும் செலவை அப்படியே ஏற்கக் கூடாது என்ற எண்ணம் பொதுமக்களிடம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மூலதனச் செலவு காட்டிப் பெரிய உயர்வுகள் கேட்கப்பட்டன. தேவையில்லாத அலங்கார வேலைகளைச் செய்து பழைய குடியிருப்போரை வெளியேற்றுகிறார்கள் என்று குடியிருப்போர் சங்கங்கள் முறையிட்டன. 1990இல் ஆட்சிக்கு வந்த பாப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி இத்தகைய உயர்வுகளை முதலில் நிறுத்திவைத்தது. பின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீத வரம்போடு மீண்டும் அனுமதித்தது. அடுத்து வந்த மைக் ஹாரிஸ் அரசு 1998 ஜூனில் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் பெயர் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் இருந்த தூரம் அதிகம். வரம்பு 4 சதவீதமாக உயர்ந்தது. ஒருவர் வீட்டைக் காலிசெய்தால் அடுத்து வருபவரிடம் விரும்பிய வாடகை கேட்கலாம் என்பதும் அப்போதுதான் வந்தது. பின்னைய சட்டங்கள் எதுவும் இதை மாற்றவில்லை.

இன்று நடைமுறையில் உள்ள குடியிருப்பு வாடகைச் சட்டம் 2006இல் நிறைவேறி, 2007 ஜனவரி 31 முதல் செயற்படுகிறது. இதன்படி மூலதனச் செலவுக்காக ஆண்டுக்கு 3 சதவீதம் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு, வழிகாட்டு வீதத்துடன் கூட்டிக் கேட்கலாம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். 1,500 டாலர் வாடகையை ஆண்டுக்கு 2.5 சதவீதம் மட்டும் உயர்த்தினால் மூன்று ஆண்டுகளில் அது சுமார் 1,615 டாலர் ஆகும். ஆண்டுக்கு 5.5 சதவீதம் உயர்த்தினால் சுமார் 1,761. மாதத்துக்கு 146 டாலர் வித்தியாசம். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது மளிகைச் செலவில் ஒரு பங்கு.

எல்லா வேலையும் கணக்கில் சேராது. செலவின் பயன் குறைந்தது ஐந்து ஆண்டுகள் நீடிக்க வேண்டும். வழக்கமான பராமரிப்பும் வெறும் அழகுபடுத்தலும் விலக்கு. கட்டடத்தின் உறுதி, வெப்பமூட்டல், குழாய், மின்சாரம், பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, ஆற்றல் சேமிப்பு போன்றவை சேரும். ரொறன்ரோவில் அடிக்கடி வருவது நிலத்தடி வாகனத் தரிப்பிடம். பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு, சக்கரங்களோடு உள்ளே வந்து உருகிக் கொங்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. 1960களிலும் 70களிலும் எழுந்த கட்டடங்களுக்கு இது பெரிய செலவு. சென் ஜேம்ஸ் டவுன், ஸ்காபரோ போன்ற இடங்களில் உள்ள இத்தகைய தொடர்மாடிகளில்தான் 1983க்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பலர் முதலில் குடியேறினர்.

விண்ணப்பத்தை விசாரிப்பது உரிமையாளர்–குடியிருப்போர் வாரியம். பற்றுச்சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் குடியிருப்போர் பார்வையிடலாம். நன்றாக இயங்கிய ஒன்றை மாற்றியதற்கான செலவா, பராமரிப்பு வேலைக்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருக்கிறதா என்று அங்கே கேட்கலாம். உரிமையாளர் தம் பராமரிப்புக் கடமையைக் கடுமையாக மீறியிருந்தால், வாரியம் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். அல்லது குறை தீரும்வரை உயர்வை நிறுத்திவைக்கலாம். வீட்டின் குறை தெரிந்தே குடிவந்தார் என்பதால் உரிமையாளரின் கடமை நீங்குவதில்லை. ஆணை வரும்வரை வழிகாட்டு வீத உயர்வை மட்டும் செலுத்தினால் போதும். ஆனால் ஆணை உரிமையாளருக்குச் சாதகமானால் நிலுவை முழுவதையும் கட்ட வேண்டிவரும். இதை அறியாமல் சேமிப்பின்றி இருப்பவர்கள் அப்போது திண்டாடுவார்கள்.

2017 மே மாதம் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் 12 கட்டடங்களைச் சேர்ந்த முந்நூறுக்கு மேற்பட்டோர் வாடகையே செலுத்த மறுத்தனர். திபெத்தியர் செறிந்து வாழும் பகுதி அது. மேலதிக உயர்வு ஒரு காரணம். வீடுகளுக்குள் கிடந்த திருத்தப்படாத குறைகள் இன்னொரு காரணம். வாடகையை நிறுத்திவைப்பது சட்டம் தரும் உரிமையன்று. வெளியேற்றும் வழக்கை எதிர்கொள்ளத் துணிந்தே அவர்கள் இறங்கினர். ஓகஸ்டில் நிர்வாக நிறுவனம் பேச்சுவார்த்தையில் உயர்வைக் குறைக்க இணங்கியது. வாரியத்தில் தனித்தனியாக நின்றிருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கொரோனாக் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கு வழிகாட்டு வீதம் பூச்சியம் என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டிலும் வாரியம் அனுமதித்த மேலதிக உயர்வுகளை வசூலிக்க முடிந்தது. 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட வீடுகளுக்கோ வழிகாட்டு வீதமே பொருந்தாது. அங்கே உரிமையாளர் விண்ணப்பிக்கத் தேவையே இல்லை.

சட்டத்தில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட செலவு, அந்த வேலையின் பயன்பாட்டு ஆயுளுக்கு ஏற்பப் பல ஆண்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. அந்தக் காலம் முடிந்ததும், அதற்காகக் கூட்டிய தொகையை வாடகையிலிருந்து குறைக்க வேண்டும். வாரியத்தின் ஆணையிலேயே அதற்கான நாள் குறிக்கப்பட்டிருக்கும். உரிமையாளர் குறைக்காவிட்டால் குடியிருப்பவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயர்வு வந்தபோது அந்த வீட்டில் இருந்தவர், அந்த நாளிலும் அங்கேயே இருந்தால்தான் இது கிடைக்கும். இடையில் போய்விட்டவருக்கு எதுவும் இல்லை. அவருக்குப் பின் வந்தவரின் வாடகை, சந்தை விலையில் புதிதாகத் தொடங்கியிருக்கும்.