ஒரு டாலர் நிலமும் அதன் வில்லங்கமும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. நிலத்தைக் கொடையாகப் பெறும் அறநிறுவனங்கள் இதைப் பின்பற்றலாகாது என்பதற்கு லவ் கால்வாயின் வரலாறு சான்று.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டத் தொடங்கிக் கைவிடப்பட்ட கால்வாய் அது. 1942 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஹூக்கர் வேதி நிறுவனம் அங்குச் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953 ஏப்ரலில் அந்நிலத்தை நகரக் கல்வி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. பெயரளவில் கிரயம்; நடைமுறையில் கொடை. வேதிக்கழிவு புதைந்திருப்பதைப் பத்திரமே கூறியது; அதனால் கேடு நேர்ந்தால் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கலாகாது என்றும் நிபந்தனை விதித்தது. நிலத்தோடு இடரும் கைமாறியது.

1955இல் அங்குப் பள்ளி திறக்கப்பட்டது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978 ஆகஸ்டில் மாநில அரசும் கூட்டரசும் நெருக்கடி நிலையை அறிவித்தன. பள்ளி மூடப்பட்டது, குடும்பங்கள் வெளியேறின. பத்திரத்தின் விலக்கு வாசகம் ஹூக்கரையும் காக்கவில்லை. அதன் பின்னுரிமை நிறுவனமான ஆக்சிடென்டல், 1995இல் கூட்டரசுக்கு 129 மில்லியன் டாலர் செலுத்த இசைந்தது.

இந்நிகழ்வின் தாக்கத்தில் பிறந்த 1980ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டம், கழிவைக் கொட்டியவரோடு நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாக்கியது. அறநிறுவனம் என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. மாசை அறியாமல் நிலம் பெற்றவருக்கு 1986ஆம் ஆண்டின் திருத்தம் தற்காப்பு அளித்தது. ஆனால் பெறுமுன் உரிய விசாரணை செய்திருக்க வேண்டும். மரபுரிமையாகவோ உயில்வழியோ பெற்றவரை அச்சட்டம் தனி வகையாகக் கருதுகிறது. உயிரோடிருப்பவர் தரும் கொடைக்கு அச்சலுகை இல்லை.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, பெறுபவர் ஏற்றாலன்றிக் கொடை செல்லாது. ஏற்பதற்கு முன்புள்ள அந்த இடைவெளியே அறங்காவலரின் பாதுகாப்பு. ஆனால் அப்போது நாம் கேட்டுப் பெறுவது வில்லங்கச் சான்று மட்டுமே. பதிவான கிரயத்தையும் அடமானத்தையும் அது காட்டும். முன்பு அங்கே தோல் பதனிடும் ஆலை இருந்ததா, சாயப்பட்டறை இருந்ததா என்பதைக் காட்டாது. நிலம் யாருடையதாக இருந்தது என்பதோடு, எதற்குப் பயன்பட்டது என்பதும் வரலாறே. பழைய வரைபடங்களும் தொழிற்சாலை உரிமப் பதிவுகளும் ஊர் முதியோரின் நினைவும் மண் பரிசோதனையும் அதன் ஆவணங்கள். கொடைப் பத்திரத்தில் ஒப்பமிடும் முன் அவற்றைத் தேடிப் படிப்பதே உண்மையான அறக்காவல்.