தெதுறு ஓயா புகட்டிய பாடம்: சிலாபப் பகுதியின் நோய் வரலாறும் கட்டிளமையோர் சுகாதாரக் கல்வியும்

உடல்நலம் என்பது தனிமனித ஒழுக்கத்தின் பயனாக விளைவது என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பல் துலக்குதல், நகம் களைதல், கொதித்தாறிய நீரைப் பருகுதல், நேரத்துக்குத் துயிலுதல் என்பனவே பல தலைமுறைகளாகப் பாடசாலைகளிற் சுகாதாரம் என்ற பெயரிற் போதிக்கப்பட்டு வந்துள்ளன. இவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயினும், நோயுற்றவன் தன் நோய்க்குத் தானே பொறுப்பாளி என்னும் முடிபும் இப்போதனையினுள் மறைந்து கிடக்கின்றது. அம்முடிபு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதற்குச் சிலாபப் பகுதியின் வரலாறு தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது.

இன்று புத்தளம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக விளங்கும் சிலாபம், முன்னர் தனியொரு மாவட்டமாக இருந்தது. 142 கிலோமீற்றர் நீளமுடைய தெதுறு ஓயா இந்நகருக்கு அண்மையிலேயே கடலுடன் கலக்கின்றது. தெற்கே மகா ஓயா பாய்கின்றது. ஈரவலயமும் வறண்டவலயமும் ஒன்றையொன்று தொடும் நிலம் இது. முன்னேஸ்வரம், உடப்பு முதலிய ஊர்களில் வாழ்ந்த தமிழ் மக்களும் அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் மக்களும் மீன்பிடியையும் தென்னையையும் வயலையும் நம்பி வாழ்ந்தனர். ஆறும் மழையும் அவர்தம் உணவை மட்டுமன்றி உடல்நலத்தையும் நிர்ணயித்தன.

கட்டிளமைப் பருவத்தில் உடலுக்குத் தனிக்கவனம் வேண்டும் என்ற அறிவு நமக்குப் புதியதன்று. பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் ஊட்டும் வழக்கம் அவ்வறிவின் வெளிப்பாடேயாகும். எனினும், ஏன் உண்ண வேண்டும், உடலில் நிகழ்வது யாது என்பன பிள்ளைக்கு எடுத்துரைக்கப்படுவது அரிது. ஆண்பிள்ளையின் வளர்ச்சிக்கு அத்தகைய கவனிப்புத்தானும் கிட்டவில்லை. வீட்டின் அறிவு வீட்டளவிலேயே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனோடு அரசின் அறிவும் வந்து சேர்ந்தது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் உதவியுடன் இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. வெறுங்காலுடன் நடப்போரின் தோலினூடாக உடலினுட் புகுந்து குருதிச் சோகையை உண்டாக்கும் அப்புழுவைத் தடுப்பதற்கு மலசலகூடப் பழக்கம் வற்புறுத்தப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதும் சுகாதாரம் போதிப்பதும் அதன் பணிகளுள் அடங்கின. ஆனால், மலசலகூடம் கட்ட வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அதனைப் பயன்படுத்துமாறு போதிப்பதால் யாது பயன்? தனிமனித ஒழுக்கம் தன் எல்லையை முதன்முதலில் எதிர்கொண்ட இடம் இதுவெனலாம்.

மலேரியா இவ்வெல்லையை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. அந்நோயால் அடிக்கடி பீடிக்கப்படும் சிறுவரின் மண்ணீரல் பருத்துவிடும். ஆதலின், ஓரூரில் நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய விரும்பிய மருத்துவர்கள் பாடசாலை சென்று பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தனர். அக்கணக்கில் பிள்ளையின் உடல் நிலத்தின் அளவுகோலாயிற்று. அங்கு அளக்கப்பட்டது பிள்ளையின் ஒழுக்கமன்று; அவன் பிறந்த ஊரின் நீர்நிலையே.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருக்கெடுத்தோடும் ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு இக்குட்டைகள் ஏற்ற இடங்களாயின. ஏனைய ஆண்டுகளில் அதன் குடம்பிகளை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றுவிடும், அவ்வாண்டில் வெள்ளமில்லை. வறண்டவலய மக்கள் சிறுவயது முதலே நோயுற்று ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்தை அண்டியோருக்கு அதுவும் இருக்கவில்லை. ஆண்டின் இறுதியில் தெதுறு ஓயா, மகா ஓயா வடிநிலங்களிற் கொள்ளைநோயாக வெடித்த மலேரியா, குருணாகல், கேகாலை, சிலாபம் முதலிய மாவட்டங்களை உலுக்கியது. ஏறத்தாழ 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிற் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர்.

இவர்களுள் எவரேனும் நகம் களையாமையால் இறந்தாரல்லர். உலகப் பொருளாதார மந்தத்தாற் கூலியும், வறட்சியால் விளைச்சலும் குன்றியிருந்த வேளையில் நோய் வந்தது. பட்டினியால் நலிந்த உடல்கள் காய்ச்சலைத் தாங்கவில்லை. ஆகவேதான் நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் குயினைனோடு உணவையும் கொண்டு சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கேகாலைப் பகுதியில் ஆற்றிய அப்பணி, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு முன்னோடியாயிற்று. நோயின் காரணம் தேடிப் புறப்பட்டவர்கள் அரசியலில் வந்து சேர்ந்தமை தற்செயலன்று.

இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளித்தல் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் டி.டி.ரி.க்கே உரியதாக்குவது பொருந்துமா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. மருத்துவமனைகள், உணவு, தாய்சேய் நலம் ஆகியவற்றின் பங்கினையும் எண்ணிப் பார்த்தல் வேண்டுமென எஸ். ஏ. மீகம போன்றோர் வற்புறுத்தினர். எவ்வாறாயினும், 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். வெற்றி முழுமையடைந்துவிட்டதென்ற எண்ணத்திற் கண்காணிப்புத் தளர்ந்தது. நோய் மீண்டும் தலைதூக்கி, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிற்று. அதன்பின் நெடுங்கால முயற்சியின் பயனாகவே, 2016 செப்டெம்பர் 5ஆந் திகதி இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அரசு செய்யவேண்டியதை அரசே செய்தல் வேண்டும் என்பதற்குக் கட்டிளமையோரின் உளநலம் தொடர்பாகவும் ஒரு சான்றுண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை எட்டியிருந்தது. மாண்டோருட் பலர் இளவயதினர். அவர்களது மனவுறுதிக் குறைவே காரணமெனப் பழிப்பது எளிதாயிருந்தது. ஆனால், கொடிய பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டுக் காலத்தில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. இளைஞரின் துயரம் அதனால் மறைந்துவிடவில்லை. துயருற்ற கணத்தில் மரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தடுக்கப்பட்டது. துயரத்தைக் கேட்கும் செவியும், ஆற்றும் துணையும் இன்றும் தேவையாகவே உள்ளன.

இவற்றைக் கொண்டு தனிமனித முயற்சி வீணெனக் கொள்ளலாகாது. 2017ஆம் ஆண்டில் 1,86,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய டெங்கு இதற்கு மறுதலையான சான்றாகும். அந்நோயைப் பரப்பும் நுளம்பு ஆற்றுப்படுகையை நாடுவதில்லை. வீட்டு முற்றத்துச் சிரட்டையிலும் பாடசாலைக் கூரைப்பீலியிலும் தேங்கும் நீரையே நாடும். தென்னை செறிந்த சிலாபத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் மாணவனின் கை உண்மையிலேயே நோயைத் தடுக்கும் கையாகும். ஆனால், அக்கையால் 1934இன் தெதுறு ஓயாவைத் தடுத்திருக்க முடியாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே சுகாதாரக் கல்வியின் உயிர்நாடி.

எமது பாடசாலைகளிற் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடமாக இன்று கற்பிக்கப்படுகின்றது. அப்பாடத்தினுள் ஊரின் நோய் வரலாறும் இடம்பெறல் வேண்டும். எந்நோயைப் பற்றிப் பேசினும், நான் செய்யக்கூடியது யாது, என் வீடும் ஊரும் செய்யவேண்டியது யாது, அரசு செய்தே ஆகவேண்டியது யாது என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் எழுப்பப் பழகுதல் வேண்டும். முதல் வினாவை மட்டும் கற்றவன் நோயுற்றவனைப் பழிப்பான். மூன்றாம் வினாவை மட்டும் கற்றவன் சிரட்டையைக் கவிழ்க்க மறப்பான். தன் உடலைத் தான் வாழும் நிலத்தோடும் ஆளும் அமைப்போடும் சேர்த்துக் காணும் இளைஞனே இம்மூன்றையும் அறிந்தவனாவான். தெதுறு ஓயாக் கரையில் மாண்டோர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.