வடபாதை: மன்னாரிலிருந்து மாத்தளை வரை



கடல், குளம், மலை ஆகிய மூன்றையும் ஒரே நெடுவழியிற் கண்டுவர விரும்பித் துவிச்சக்கர வண்டியிற் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. தென்கரையையோ நுவரெலியாவையோ மனத்திற் கொண்டே பெரும்பாலோர் கேட்கின்றனர். நான் சொல்லும் வழி வேறு. தலைமன்னார் இறங்குதுறையிற் புறப்பட்டு, மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்னும் இடங்களைக் கடந்து மாத்தளையை அடையும் வழி அது. தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பழைய கணக்கில் நூற்றைம்பத்தைந்து மைலளவு. இன்று இது செப்பனிட்ட தார்வீதி. மூன்று நாளில் ஆறுதலாகச் செல்லலாம். ஆயினும், இவ்வீதியிலே நமக்கு முன் நடந்தவர்கள் யாவர் என்பதை அறியாது செல்வோன், பார்த்தவற்றுள் எதனையும் சரியாகப் பார்த்தவனாகான் என்பது என் துணிபு.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. பின்னர் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் மலைநாட்டுக்கு வீதிகள் வெட்டப்பட்டன. வீதிகளைப் பின்பற்றிக் கோப்பிச் செய்கை சென்றது. 1823ஆம் ஆண்டளவிற் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேட் என்பார் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டையொட்டி மலைச்சரிவுகளிற் காடுகள் பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நாட்டப்பட்டது. தம் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டக் கூலிக்கு நிலையாக வர மலைநாட்டுச் சிங்களக் குடியானவர் விரும்பவில்லை. ஆகவே துரைமாரின் பார்வை பாக்குநீரிணைக்கு அப்பாற் சென்றது. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளிலே, மழை பொய்த்த ஊர்களிலிருந்தும், கடனும் சாதிக்கொடுமையும் தாங்கமாட்டாத சேரிகளிலிருந்தும் மக்கள் புறப்பட்டனர். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான். அம்முன்பணம், தோட்டத்தை அடையுமுன்பே கடனாகித் தொழிலாளியின் கழுத்தில் விழுந்துவிடும்.

தோணியேறியவர்கள் தலைமன்னார், வங்காலை, அரிப்பு ஆகிய கரைகளில் இறங்கினர். கடற்பயணம் குறுகியதே, பெருந்துன்பம் கரையிலேதான் தொடங்கிற்று. மாத்தளை வரை கால்நடையாகச் செல்லவேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோர் அக்காலத்தில் மிகுதியாக இருந்தமையால், ஒருவரே இவ்வழியைப் பலமுறை போகவும் வரவும் நடந்திருப்பார். இவ்வழிக்கே வடபாதை என்று பெயர்.

இனி வண்டியில் ஏறுவோம். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர் வரை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். ஏற்றம் என்பது மருந்துக்கும் இல்லை. இருபுறமும் மணலும் பனையும். வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகக்காற்று வலப்புறமிருந்து வண்டியைத் தள்ளும். சமநிலம் என்று எண்ணி வருவோரின் கால்கள் அக்காற்றிடம் பாடம் கற்கும். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1990ஆம் ஆண்டில் யுத்தத்தில் அழிந்தது. இப்போதுள்ள பாலம் 2010ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. தாம்போதி வழியே செல்கையில் வங்காலைப் பறவைச் சரணாலயத்தின் ஆழமற்ற நீர்ப்பரப்பு தென்படும். தை, மாசி மாதங்களிற் சென்றாற் பூநாரைக் கூட்டங்களைக் காணும் பேறு கிட்டலாம். திருக்கேதீச்சரத்துக்கு இடப்புறம் வழி பிரிகின்றது. அதனைப்பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தவேண்டும். இன்று அதற்கு நேரமில்லை.

முருங்கனை நெருங்கும்போது கட்டுக்கரைக்குளத்தின் நாடு வந்துவிடுகின்றது. அணைக்கட்டின்மேல் நின்று பார்த்தாற் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர். கீழே பச்சை வயல். இந்த இடத்திலே என் இளநண்பர்கள் எல்லோரும் வண்டியை விட்டிறங்கி நிழற்படம் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 1840களில் இவ்வழியே வந்தவர்கள் கண்டது இக்காட்சியை அன்று. பண்டை அரசர் அமைத்த கட்டுக்கரைக்குளம் அக்காலத்தில் உடைந்து தூர்ந்து கிடந்தது. ஒல்லாந்தரும் அதனைத் திருத்த எண்ணியதுண்டு, எண்ணம் நிறைவேறவில்லை. பிரித்தானியர் அதனைத் திருத்தியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. கலாவெவ திருத்தப்பெற்றது 1887ஆம் ஆண்டில். ஆகவே, வடபாதையிலே பல்லாயிரவர் நடந்த ஆண்டுகளில், இன்று நம் கண்ணைக் குளிர்விக்கும் பெருங்குளங்கள் பல காடு மூடிய பள்ளங்களாயிருந்தன. கோடையில் அவற்றின் அடியிற் சேற்றுநீர் எஞ்சியிருக்கும். விலங்கும் மனிதரும் அதனையே குடித்தனர். வழியின் அழகு பின்னால் வந்தது. முன்னால் நடந்தவர்களுக்குக் கிடைத்தவை தாகமும், நுளம்பும், வாந்திபேதியுமே.

முருங்கனுக்கு அப்பால், மடு வீதிச் சந்தியையும் செட்டிகுளத்துப் பக்கத்தையும் கடந்து மதவாச்சி வரையுள்ள வழி காட்டுவழி. வண்டியிற் செல்வோருக்கு இது இன்பமான பகுதி. வாகனம் குறைவு, நிழல் மிகுதி. அன்று நடந்தோருக்கு இதுவே கொடிய பகுதியாயிருந்தது. நோயுற்று நடக்கமாட்டாதவரைக் கூட்டம் விட்டுச் சென்றது. காத்திருந்தால் அரிசி தீர்ந்துவிடும், எல்லோரும் இறக்கவேண்டும் என்ற அச்சமே காரணம். அவ்வாறு விடப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியராகவிருந்த வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட், 1841 முதல் 1849 வரையுள்ள காலத்தில் இந்தியத் தொழிலாளருள் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று 1849ஆம் ஆண்டில் எழுதினார். அத்தொகை மிகையானது எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். மிகையாகவே இருக்கட்டும், அதிற் பாதியை எடுத்தாலும், பாதியிற் பாதியை எடுத்தாலும், அக்கணக்கு எந்தத் துரையின் கோப்பிக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. பின்னாளிலே அரசாங்கம் இடையிடையே கிணறுகளையும் தங்குமடங்களையும் மருந்துச் சாலைகளையும் அமைத்தது, சாவு குறைந்தது. நூற்றாண்டு முடியுந் தறுவாயில் வாந்திபேதிக்கு அஞ்சி வடபாதையே மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கலாயினர்.

இவ்விடத்திலே வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரு சக்கரங்களும் ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் ஓடும் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டாலி என்பார் 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றடைத்த றப்பர்ச் சில்லுக்கு டன்லொப் உரிமை பெற்றது 1888ஆம் ஆண்டில். பிரேசிலிற் தோன்றிய றப்பர் மரம் இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1876ஆம் ஆண்டில் நம் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்திருந்தது. முதலில் துவிச்சக்கர வண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் றப்பர் தேவைப்பட்டபோது இலங்கையிற் றப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றிற் பால் வெட்டியவருள்ளும் இதே தென்னிந்தியத் தொழிலாளரும் அவர்தம் மக்களும் இருந்தனர். நூறு மைல் வெறுங்காலால் நடந்தவரின் சந்ததியார் எடுத்த பாலே மற்றவர் காலுக்கு நோவின்றி வழிகடக்கச் சில்லாயிற்று.

இரண்டாம் நாட் பயணம் மதவாச்சியிலிருந்து தம்புள்ளைக்கு. யாழ்ப்பாணம் கண்டிப் பெருவீதி இது. வாகனங்கள் மிகுதி, இடப்புறம் ஒதுங்கியே செல்லவேண்டும். மிகிந்தலையில் 1,840 படிகளையும் ஏறுவது மிதித்துக் களைத்த காலுக்கு நல்ல தண்டனை. எனினும் மேலே நின்று காணும் குளங்களின் ஒளிக்காக ஏறலாம். திரப்பனை, மரதன்கடவல கடந்து கெக்கிராவையில் மேற்கே திரும்பினாற் கலாவெவ. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டியது. அதிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுசென்ற ஜயகங்கை என்னும் கால்வாய் 54 மைல் நீளமானது. அதன் முதற் பதினேழு மைல்களில் மைலொன்றுக்கு ஆறு அங்குலச் சரிவே உண்டென்பர். தண்ணீரை இத்துணை மெல்ல நடத்தத் தெரிந்த நாட்டிலே, பிற்காலத்தில் மனிதர் தண்ணீரின்றி நடந்து மாண்டனர் என்பதை நினைத்து நான் அவ்வணையில் நெடுநேரம் இருந்ததுண்டு.

தம்புள்ளையிலே இரவு தங்குவோர் அதிகாலையிற் புறப்படுகையில் அவதானமாக இருக்கவேண்டும். மரக்கறி ஏற்றிய லொறிகளுக்கு அவ்வேளை பெருவேளை. நாவுலையைக் கடந்ததும் வீதி மெல்ல உயர்கின்றது. வெயிலின் கடுமை குறைந்து, கொக்கோவும் மிளகும் வளரும் ஈரமண்ணின் மணம் வருகின்றது. நாலந்தாவிலே கெடிகே என்னும் கற்கோயில் பல்லவர் சிற்பமுறையின் சாயலோடு நிற்கின்றது. நீர்த்தேக்கம் அமைத்தபோது அதனைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டினர்.

மாத்தளை நாட்டில் வீதி என்றால் இன்னொரு கதையும் உண்டு. 1848ஆம் ஆண்டிலே, பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயதுவரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலின் செலுத்தவேண்டும் என்று அரசாங்கம் சட்டமியற்றிற்று. பௌத்த பிக்குகளையும் அது விலக்கவில்லை. பிற வரிகளோடு இதுவும் சேர, மாத்தளையிற் கிளர்ச்சி எழுந்தது. புரன் அப்பு பிடிபட்டுக் கண்டியிற் சுடப்பட்டான். ஒரே ஆட்சியின் கீழே, ஒரே வீதியின்மீது சிங்களக் குடியானவனுக்கு மண்வெட்டி, தமிழ்க் கூலிக்குக் கால்நடை. இருவரும் ஒருவரையொருவர் அந்நியராகவே பார்த்தனர். இருவருக்கும் மேலிருந்தவன் அவ்வாறு பார்ப்பதை விரும்பியிருப்பான்.

மாத்தளைக்குப் புகையிரதம் 1880ஆம் ஆண்டில் வந்தது. தலைமன்னாருக்கு 1914ஆம் ஆண்டில். பின் அப்புகையிரதமே மறுதிசையிலும் மக்களைக் கொண்டுசென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. இங்கே பிறந்து, வேறு ஊரே காணாதவர்கள் மலையிலிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து கப்பலேறினர். 1977ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின், இன்னொரு பகுதியினர் வவுனியாப் பக்கத்துக் காட்டோரங்களிற் குடியேறினர். அவர்களுடைய முன்னோர் அஞ்சி அஞ்சிக் கடந்த காடு அது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

2023ஆம் ஆண்டு ஆடி மாதம் 28ஆந் திகதி தலைமன்னாரில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கி, ஆவணி மாதம் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து மலையக மக்களும் பிறரும் நடந்த நடை அது. பதினாறு நாள் எடுத்தது. நான் வண்டியில் மூன்று நாளிற் சென்றவன்; அவர்களைக் குறித்துப் பேச எனக்குச் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

மாத்தளையிற் பிரதான வீதியிலேயே முத்துமாரியம்மன் கோயில் இருக்கின்றது. 108 அடி உயர இராசகோபுரத்தைக் காணாமற் தவறவிட முடியாது. நடந்து வந்தவர்கள் இந்நகரை அடைந்த பின்னரே பல தோட்டங்களுக்கும் பிரிந்து சென்றனர். மூன்றாம் நாட் பிற்பகல் அங்கே மதிலோரம் வண்டியைச் சாத்திக் குழாயிற் கால் கழுவினேன். முதுகுப் பையிலிருந்த போத்தலில் நாவுலையில் நிரப்பிய தண்ணீர் பாதி எஞ்சியிருந்தது, வெயிலிற் சுட்டுப்போயிருந்தது. புதுநீர் நிரப்புவதற்காக அதனை வாய்க்காலிற் கொட்டப் போனேன். மனம் வரவில்லை. அருகிலே நின்ற மரத்தின் அடியில் ஊற்றினேன்.