யாழ்ப்பாணத்துச் சைக்கிள் டயர்



போன கிழமை தரம் எட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், சைக்கிளுக்கு டயர் மாத்தப் போறம். மெல்லிசா, தடிப்பா, எது நல்லம்?" கடைக்காரர் சொல்ல வேண்டிய பதில்தான். ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் கிடக்கிறது.

காற்றடைத்த டயரை 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லு வண்டிக்காகச் செய்தார். அதற்கு முன் கட்டி றப்பர்தான். கல்லில் ஏறினால் முதுகெலும்பில் தெரியும். றப்பர் மரமோ 1876இலேயே நம் நாட்டில் ஹெனரத்கொடைக்கு வந்துவிட்டது. ஆனால் வடக்கின் வறண்ட மண்ணில் அது வளராது. நமக்கு டயர் எப்போதும் பாதையால் வரும் சாமான். பாதை மூடினால் டயரும் இல்லை.

இங்கே பழக்கமானது 28 அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல டயர். சுண்ணாம்புக்கல் ஒழுங்கையில் பெரிய சில்லு குழியில் விழாமல் கடக்கும். கரியரில் ஆளையும் பாரில் பிள்ளையையும் தாங்கும். தடித்த டயர்தான் சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். தடிப்பு முள்ளுக்கு நின்று பிடிக்கும், ஆனால் மிதிக்கப் பாரம். சொகுசு வருவது அகலத்தாலும் காற்றாலும். காற்றை மிகவும் குறைத்தாலோ பக்கம் மடிந்து மடிந்து வெடிக்கும். கல்லில் ஏறும்போது ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை விழும்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. பெற்றோல் நின்றது. சைக்கிள்தான் எல்லாம், றேடியோ கேட்கவும் அதன் டைனமோவைச் சுற்றினார்கள். கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடினார்கள். "அப்ப டயர் தெரிவு செய்யிறேல்லை, கிடைச்சதைப் போடுறது" என்பார் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர்.

அந்த வருடங்களில் பெரும்பகுதியை நாங்கள் இங்கே காணவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சோனகதெரு மக்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கு முழுவதும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். வாப்பா அந்த மாதம்தான் பின் டயர் புதிதாகப் போட்டிருந்தார். சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நின்றது.

கற்பிட்டிப் பக்கம் புடவை விற்க வாப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். ஊர்ப் பழக்கத்தில் காற்றை இறுக்க அடித்தார். மணலில் சில்லு புதைந்தது. அங்குள்ளவர்கள் காற்றைக் குறைக்கச் சொன்னார்கள். அவருக்கு மனமில்லை, ஆனால் குறைத்தார்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. சைக்கிள்களை ஓடவில்லை, மூட்டைகளை ஏற்றி உருட்டினார்கள். காற்றுப் போன டயரோடு ரிம்மிலேயே உருட்டிப் போனதாக அதே ஆசிரியர் சொல்வார். எங்கள் திகதி அவருக்குத் தெரியும், அவருடையது எனக்குத் தெரியும். ஸ்டாப் றூமில் அந்த நாளில் இருவரும் அதிகம் பேசுவதில்லை.

2002இல் ஏ9 திறந்து வந்து பார்த்தோம். வீட்டுக்குக் கூரையே இல்லை. வாப்பா அந்தச் சுவரைப் பார்த்து "புது டயர்" என்று மட்டும் சொன்னார்.

சரி, அந்தப் பிள்ளைக்கு: 26 என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல மகன். பழைய ஒன்றேகால் அரைக்கால் அங்குல வகைக்கு ரிம் 590 மில்லிமீற்றர், மலைச் சைக்கிளுக்கு 559. ஒன்று மற்றதில் ஏறாது. கழற்றிய டயரைக் கடைக்குக் கொண்டு போ. இப்போது காபெற் ரோட்டுத்தானே, கட்டை கட்டையான டயர் இரைச்சலும் பாரமும்தான். ஒன்றரை அங்குலம், நடுப்பகுதி வழுவழுப்பானது போதும். பள்ளிக்கூடத்தில் சைக்கிளை வெயிலில் விடாமல் வேப்பமரத்துக்குக் கீழே விடு, றப்பர் வெடிக்காது.