கருஞ்சீரகமும் மருத்துவர் தரும் மாத்திரையும்

கருஞ்சீரகத்தின் (ஹப்பத்துஸ் ஸவ்தா) நிவாரணம் பற்றிய நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. மயிலாப்பூர் கச்சேரி சாலை நாட்டு மருந்துக் கடையில் விதையாக வாங்கியதை, இன்று எண்ணெயாகவும் கேப்ஸ்யூலாகவும் வாங்குகிறோம். குழம்பில் சேரும் சிட்டிகை வேறு. மருந்தாகத் தினமும் உட்கொள்ளும் அளவு வேறு. மற்ற மருந்துகளோடு அது சேரும்போது கவனம் தேவை.

சர்க்கரை நோய்: கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். நோன்பு நாள்களில் இந்த ஆபத்து அதிகம்.

இரத்த அழுத்தம்: மாத்திரையோடு சேர்ந்து அழுத்தம் மிகவும் குறைந்து தலைசுற்றல் வரலாம்.

இரத்தம் உறையாமைக்கான மருந்து: வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடலாம்.

அறுவை சிகிச்சை: குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது.

கருஞ்சீரகத்தை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டையும் எடுப்பதானால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே.