ஏடிஎச்டி, உணர்வுக் கட்டுப்பாடு, போதைப் பழக்கம்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு மூளை வளர்ச்சி சார்ந்தது. கவனம் நிலைக்காமை, ஓரிடத்தில் இருக்க முடியாமை, யோசிக்கும் முன்பே செய்துவிடுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு. உலகக் குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு உண்டு. மரபுக்கு இதில் பெரும் பங்கு இருக்கிறது.

உணர்வுகள்
சட்டென மூளும் கோபம், சிறு ஏச்சையும் தாங்காத மனம், எளிதில் ஆறாத வருத்தம் ஆகியவை பலரிடம் சேர்ந்தே வரும். அக்கையேடு இவற்றை முதன்மை அறிகுறிகளாக வைக்கவில்லை. உடன்வரும் கூறுகளாகவே சொல்கிறது.

போதை
இக்குறைபாடு உள்ளவர்கள் போதைக்குள் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காத்திருக்க முடியாமல் உடனடி இன்பத்தை நாடுவது. மற்றொன்று, கொந்தளிக்கும் மனத்தை மதுவாலோ பிற போதைப் பொருளாலோ அடக்க முயல்வது. மனத்துயரைப் போதையால் தணிக்க முயலும் இந்தப் போக்கை உளமருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் ‘சுயமருத்துவம்’ என விளக்கினார். போதைச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏடிஎச்டி இருப்பதாக 2012ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று கணித்தது.

தோட்டப்புறம்
போதைக்குச் சூழலும் காரணமாவதுண்டு. மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரை அடுத்த கியா பார்மைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. போ தேயிலை நிறுவனம் 1929இல் இம்மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. இன்று மலேசியாவின் பகுதியான அக்கால மலாயாவில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் இருந்தன. அவற்றை எதிர்த்து 1946-47இல் கெடா மாநிலத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை என்ற அமைப்பு மறியல் செய்தது. கடும் உழைப்பு, குறைந்த கூலி, கைக்கெட்டும் கள் ஆகியவையே அன்றைய குடிக்கு அடித்தளம். ஏடிஎச்டியைக் காரணமாக்குவது தவறு. ஆனால் போதை எளிதாய்க் கிடைக்கும் எந்த ஊரிலும் இக்குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். ‘முரடன்’, ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கியே வளரும் பிள்ளைக்குக் குடி ஆறுதலாகிவிடக்கூடும்.

சிகிச்சை
மெதில்பெனிடேட், அட்டொமொக்செட்டின் ஆகிய மருந்துகளும் நடத்தைப் பயிற்சியும் உதவுகின்றன. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மலேசியச் சிகிச்சை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. மருந்தே போதைக்கு அடிமையாக்கிவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. 2013இல் 15 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுவயதில் மெதில்பெனிடேட் போன்ற ஊக்கமருந்துகளால் சிகிச்சை பெற்றவர்களிடம் பிற்காலப் போதைப் பழக்கம் கூடியிருக்கவில்லை.

போதைக்கும் ஏடிஎச்டிக்கும் ஒருசேரச் சிகிச்சை தேவை. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பார்த்தால் பழக்கம் திரும்பக்கூடும். திட்டித் திருத்த முடியாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிப் பருவமே அதற்கு ஏற்ற காலம்.