ஒரே இலத்தி, இரண்டு மண்

மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, குதிரைக்கு இலத்தி என்று தனித்தனிச் சொற்களைப் பேணி வந்த மொழி நம்முடையது. வேறுபாடு சொல்லோடு நிற்பதில்லை. குதிரை அசைபோடாத விலங்கு. தின்ற நாரில் பெரும்பங்கு செரிக்காமலே வெளிவந்துவிடுகிறது. ஈரம் குறைந்து, காற்றுப் புகும்படி உதிரியாக இருப்பதால், லாயத்து வைக்கோலோடு சேர்த்துக் குவித்தால் சில நாட்களிலேயே இலத்தி கொதிப்பேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஒரே பொருளைப் பிரான்சும் இங்கிலாந்தும் கையாண்ட விதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், உரத்தின் வரலாறு நில உரிமையின் வரலாறாகவும் விரிவதை நாம் காண்கிறோம்.

பாரிஸ் நகருக்குள்ளேயே காய்கறி பயிரிட்ட 'மரேஷே' தோட்டக்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டது இலத்தியின் சூட்டைத்தான். இலத்தியைப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டு, கண்ணாடிச் சட்டங்களாலும் மணி வடிவக் கவிகைகளாலும் மூடிக் குளிர்காலத்திலேயே கீரைகளை விளைவித்தார்கள். சூடு தணிந்தபின் எஞ்சிய மக்கு அடுத்த பருவத்தின் மண்ணாயிற்று. மொரோ, தவெர்ன் என்னும் இரு தோட்டக்காரர்கள் 1845இல் இம்முறையை நூலாகவே எழுதினார்கள். நகரப் பரப்பில் ஆறில் ஒரு பங்கான சுமார் 1,400 ஹெக்டேரில், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் லாய உரம் இடப்பட்டதாக ஸ்டான்ஹில் 1977இல் கணக்கிட்டார்.

இங்கிலாந்தில் செல்வந்தர் தோட்டங்களில் சூட்டுப் பாத்திகள் இல்லாமல் இல்லை. ஆயினும் லண்டன் இலத்தியில் பெரும்பகுதி திறந்த வயல்களுக்கே சென்றது. எஸ்ஸெக்ஸ் பண்ணைகளிலிருந்து உலர்புல்லும் வைக்கோலும் ஏற்றித் தேம்ஸ் நதியில் வந்த பாய்மரச் சரக்குப் படகுகள், திரும்பும்போது லாயங்களின் இலத்தியைச் சுமந்து சென்றன. நகரம் வயலிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதியை வயலுக்கே திருப்பித் தந்தது.

அளவை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் கோதுமை வயலின் ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் இடப்பட்டுவரும் தொழுவுரம் ஹெக்டேருக்கு 35 டன். பாரிஸ் கணக்கை வகுத்தால் ஹெக்டேருக்கு எழுநூறு டன்னுக்கு மேல் வருகிறது. இருபது மடங்கு! இது மண்ணுக்கு உணவிடுவதன்று; மண்ணையே புதிதாகச் செய்வது.

செய்த மண் யாருடையது? குத்தகையை விட்டு வெளியேறும் பாரிஸ் தோட்டக்காரர், குறிப்பிட்ட ஆழம்வரை மண்ணைத் தம்மோடு எடுத்துச் செல்ல ஒப்பந்தமே இடம் தந்தது என்று குரோபோத்கின் பதிவு செய்கிறார். இங்கிலாந்தின் குத்தகை விவசாயிக்கோ, நிலத்தில் விட்டுச் செல்லும் உரத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை நெடுங்காலம் அந்தந்த வட்டார வழக்கத்தையே நம்பியிருந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றபோதும், ஒப்பந்தத்தின் மூலம் நிலவுடைமையாளர் விலகிக்கொள்ள வழிவிட்டது. 1883இல்தான் அது கட்டாயமாயிற்று. வெளியேற வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறவர் எந்த மனத்தோடு வண்டி வண்டியாக உரம் கொட்டுவார்?

பிரெஞ்சு முறையை ஆங்கிலேயர் கற்க முனைந்தபோது காலம் கடந்திருந்தது. எஸ்ஸெக்ஸின் மேலண்டில் அதைச் செய்துபார்த்த தாமஸ் ஸ்மித்தின் நூல் 1909இல் வெளிவந்தது. 1911இல் லண்டனின் மிகப்பெரிய பேருந்து நிறுவனம் தன் கடைசிக் குதிரை வண்டியை நிறுத்தியது. 1913இல் பாரிஸும் அதன் கடைசிக் குதிரைப் பேருந்துக்கு விடைகொடுத்தது. தெருக்கள் தூய்மையாயின என்று நகரங்கள் மகிழ்ந்தன. ஆனால் நகரத்துக்கும் வயலுக்கும் இடையே இரவும் பகலும் ஓடிய ஒரு கொடுக்கல் வாங்கல் அத்தோடு அறுபட்டது. அதற்கான ஈட்டை நாம் இன்றும் உர மூட்டைகளில் விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.